மாவு மில்லுக்குப் போன மாண்டலின்

“மிளகாயா, மல்லியா?”

என் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்து அந்த அம்மாள் கேட்டார். மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் போட்ட இரைச்சலில் உதட்டசைவை வைத்துத்தான் கேள்வியைப் புரிந்துகொண்டேன்.

“ரெண்டும் இல்லைக்கா.”

“பச்சரிசின்னா நாளைக்குத்தான். இன்னைக்குக் காரம் ஓடுது. வரிசையில வச்சுட்டுப் போங்க.”

வாசலில் ஐந்தாறு தூக்குவாளிகளும் ஓர் எண்ணெய் டின்னும் வரிசையில் இருந்தன. எனக்குப் பின்னால் என் கணவர் மிளகாய் நெடி தாங்காமல் தும்மிக்கொண்டிருந்தார்.

“மாண்டலின்!” என்று கத்தினேன்.

“என்ன தானியம்?” என்று அந்த அம்மாளும் கத்தினார்.

இனிப் பேசிப் பயனில்லை என்று முடிச்சை அவிழ்த்தேன். பழைய போர்வைக்குள்ளிருந்து கருஞ்சிவப்பு மரமும், அதன் நடுவே பதித்த எஃகுத் தகடும் வெளியே வந்தன.

அந்த அம்மாள் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு சுவரோரம் போய் ஸ்விட்சை இறக்கினார். பெல்ட் தளர்ந்து, சுற்றிச் சுற்றி, நின்றது. தெருவே காது கேட்கத் தொடங்கியது போலிருந்தது. என் கணவரின் தும்மல் மட்டும் ஒன்று மிச்சமாகக் கேட்டது.

“இது எங்குட்டு இருந்து வந்துச்சு?” என்றார். அவ்வளவு நேரம் கத்தியவரின் குரலா என்று தோன்றும்படி, மிக மெதுவாக.

எல்லாமே கப்பலில் வந்தவை

எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல, சில மாதம் பின்னால் போக வேண்டும்.

என் கணவர் முருகேசன் ஆசாரி வீட்டுப் பிள்ளை. காரைக்குடியில் பழைய சாமான் கடைகளுக்கு உடைந்த நாற்காலி, கால் போன கட்டில், கதவு தொங்கும் அலமாரி இவற்றைச் சரிசெய்து கொடுப்பவர். அந்தத் தெருவில் கதையில்லாத பொருளே கிடையாது. நாற்காலி என்றால் ரங்கூனிலிருந்து வந்தது. கண்ணாடி என்றால் பெல்ஜியம். ஒருமுறை, திரி வைத்த மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைக் காட்டி அதுவும் கப்பலில் வந்தது என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அதே மாதிரி அடுப்பில்தான் என் அம்மா எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார், ரேஷன் கடைக்கு எதிரே வாங்கியது.

ஒரு மத்தியானம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

“கடைக்கார சாகுல் பாய் குடுத்தாரு. அலமாரி வேலைக்குக் கூலி போக மேலதிகமா. ‘உங்க வீட்டுல கரண்டு சாமான் ரிப்பேர் பண்ணுவாகல்ல, அவுகளுக்குக் குடுங்க’ன்னாரு.”

குழந்தைகளுக்கான கிடாரோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் கையில் எடுத்ததும் கனத்தது. உள்ளே கூடு கிடையாது, ஒரே கட்டை. எட்டு முறுக்குச் சாவிகள், மூன்றே மூன்று கம்பிகள், பக்கவாட்டில் ஒயர் செருக ஒரு துளை. கம்பிகளுக்குக் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் வைத்த பிக்கப். கம்பி அதிர்வதை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். அது இல்லாவிட்டால் இந்த மின்சார மாண்டலின் வெறும் கட்டை.

பொட்டலத்திலிருந்து அந்துருண்டையும் கோந்தும் கலந்த வாசனை அடித்தது. வெண்டைக்காய் அன்றைக்குக் கருகிப்போனது.

கட்டைவிரல் தழும்பு

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் என் வேலை நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த புதிதில், ஈயப்பற்று வைக்கும் வேலையை எனக்குத் தரமாட்டார்கள். “கையைச் சுட்டுக்கிட்டா யாரு பதில் சொல்றது?” என்பார் மூத்தவர் ஒருவர். அவர் விடுப்பில் போன வாரம் நானே எடுத்துச் செய்தேன். அவர் சொன்னபடியே சுட்டுக்கொண்டேன். இடது கட்டைவிரலில் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்த வாரம் பழுதாகிக் கிடந்த, மின்னோட்டம் காட்டும் கால்வனாமீட்டர்கள் எல்லாம் ஓடத் தொடங்கின. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த ஈயப்பற்றுச் சூட்டுக்கோல் என் மேசையை விட்டுப் போகவில்லை.

அதனால் மாண்டலினைத் திறப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சுருளில் எங்கோ கம்பி அறுந்திருந்தது. தலைமயிரைவிட மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. பழையதைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன்.

“பொறு, பொறு,” என்றார் என் கணவர். “கதவு ஒட்டுனா கதவையே மாத்துவாங்களா? எந்த ஓரம் ஒட்டுதுன்னு பாரு.”

பார்த்தேன். சுருளின்மேல் துணிப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது, காயத்துக்கு ஒட்டுவோமே அது. தொழிற்சாலையில் யாரும் அப்படிச் சுற்றமாட்டார்கள். அதை மெதுவாக விலக்கினால், அறுந்த இடம் வெளி ஓரத்திலேயே இருந்தது. ஓர் ஒட்டு. அவ்வளவுதான் வேலை.

பழைய ரேடியோவின் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து ஒரு கம்பியைத் தட்டினேன். மணியடித்தது போல ஒரு நாதம் எழுந்து, அடுப்படிவரை போய், நிதானமாக அடங்கியது. எங்கள் இருவருக்குமே சங்கீதம் தெரியாது. இருந்தாலும் அந்த ஒற்றைக் கம்பியை மாற்றி மாற்றி அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரிஜினல் எவ்வளவு, ஒட்டு எவ்வளவு

இது எந்த ஊர்ச் சரக்கு, என்ன பெறும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகள், படங்களை வாங்கிப் பழைய வாத்தியம் சேகரிப்பவர்களின் குழு ஒன்றில் போட்டாள். மறுநாளே சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் ஸ்ரீராம். அடுத்த வாரம் ரயிலேறி வந்தே விட்டார்.

நல்ல மனிதர். கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். சிறிய டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, டாக்டர் நோயாளியைப் பார்ப்பது போல மாண்டலினைப் பார்த்தார்.

“கட்டை வெளிநாடு மேடம். தகடும் சாவியும் ஒரிஜினல். அறுபது, எழுபது வருஷம் இருக்கலாம். இந்த மாதிரி ரொம்பக் கொஞ்சம்தான் செஞ்சாங்க. ஆனா கழுத்து ஒரிஜினல் இல்லை, யாரோ உள்ளூர்ல செஞ்சு மாட்டியிருக்காங்க. பிக்கப் காயில், அதான் இந்தச் சுருள், அதுவும் கையால சுத்தினது. சிவப்புப் பெயிண்டும் பிற்பாடு அடிச்சது.”

“கழுத்து வேலை சுத்தமா இருக்கே,” என்றார் என் கணவர், கொஞ்சம் ரோஷமாக.

“வேலை பிரமாதம் சார். ஆனா சேகரிக்கிறவங்க வேலையைப் பார்க்கமாட்டாங்க.”

கழுத்தைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டார். நான்கு திருகாணிகள். கழுத்து வெளியே வந்ததும் அதன் அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. உயரம் சரிசெய்ய முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ரீராம் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, கட்டையில் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். என் கணவர் காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

ஸ்ரீராம் ஒரு விலை சொன்னார். நாங்கள் ஓட்டும் ஸ்கூட்டர் போல இரண்டு வாங்கலாம். “கழுத்தும் பிக்கப்பும் வெளிநாட்டிலிருந்து பழைய ஒரிஜினலே வரவழைச்சிடுவேன். இதையெல்லாம் எடுத்துப் போட்டுட்டா, பிறந்தப்ப இருந்த மாதிரி ஆயிடும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். பொய். மனசுக்குள் அப்போதே சிம்லாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். எனக்குப் பனி பார்க்க வேண்டும். இத்தனை வயதுக்கு நான் பார்த்த பனியெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் படிந்ததுதான்.

கடைசி வரியில் ஒரு பெயர்

அவர் போன பிறகு என் கணவர் காகிதத்தை என் முன்னால் வைத்தார். ரோஸ் நிற நோட்டீஸ். பாதி எழுத்து அழிந்திருந்தது. இளையாத்தங்குடித் திருவிழாவுக்கான மெல்லிசைக் கச்சேரி. கீழச்சிவல்பட்டிக் குழு. நடத்துபவர் பெயர் கொட்டை எழுத்தில். பாடகர்கள், தபேலா, ஆர்மோனியம் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசி வரியில்: எலெக்ட்ரிக் மாண்டலின் – செல்வி தெய்வானை.

“பொம்பளைப்பிள்ளை வாசிச்சிருக்கு,” என்றார் அவர்.

என்னால் அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்த வாரமே பஸ் ஏறினோம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நான் ஒரு கதையை முழுதாகக் கட்டி முடித்துவிட்டேன். கல்யாணப் பேச்சு வந்திருக்கும். மேடையில் வாசிக்கக்கூடாது என்றிருப்பார்கள். வாத்தியத்தைப் பிடுங்கி விற்றிருப்பார்கள். அந்தப் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். கட்டியது நான்தான் என்றாலும் எனக்கே கண் கலங்கிவிட்டது.

“முதல்ல என்னன்னு கேப்போம்,” என்றார் என் கணவர். “அப்புறமா அழுவோம்.”

கீழச்சிவல்பட்டியில் இறங்கி, காரைக்குடியிலிருந்து வருகிறோம் என்று சொல்லி, டீக்கடைக்காரரிடம் நோட்டீஸைக் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

“தெய்வானையைத் தேடியா இம்புட்டுத் தூரம் வந்தீக? அது உங்க ஊருலதான இருக்கு! மாவு மில்லு வச்சிருக்கே.”

தெருவைச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். நாங்கள் வழக்கமாக அரைப்பது வேறு மில் என்பதால் அந்தப் பக்கம் போனதே இல்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி, வீட்டுக்கு ஓடிப்போய் மாண்டலினைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் நேரே அங்கே போய் நின்றோம்.

“நாந்தான் வித்தேன்”

மில்லை நிறுத்திய தெய்வானை அக்கா, அரைக்க வந்தவர்களிடம், “அரை மணி நேரம் கழிச்சு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்களுக்கு இரண்டு ஸ்டூல் போட்டார். எழுபதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. புருவத்தில் மாவும் மிளகாய்ப் பொடியும் கலந்து படிந்திருந்தன.

“எங்க ஊருப் பெரிய வீட்டு ஆச்சியோட அலமாரியில கெடந்தது இது,” என்றார். “அவுக மகன் பினாங்குல இருந்து கொண்டாந்தாக. வாசிக்கத்தான் வரல. எங்க அண்ணன் பாட்டுக் குழு ஆரம்பிச்சப்ப, ‘எடுத்துட்டுப் போப்பா’ன்னு ஆச்சி தூக்கிக் குடுத்துட்டாக.”

குழுவில் வேறொருவர்தான் மாண்டலின் வாசித்தாராம். வீட்டில் கம்பியைச் சுதி சேர்த்து வைப்பது மட்டும் தங்கை தெய்வானையின் வேலை. இளையாத்தங்குடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சினிமாவில் வாய்ப்புத் தேடி அந்த ஆள் மெட்ராசுக்குப் போய்விட்டார்.

“அண்ணன் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாக. நான் உள்ள இருந்து அவரு வாசிக்கிற பாட்டை வாசிச்சேன். ‘அந்த ஆளு திரும்பி வந்துட்டானா?’ன்னு அண்ணன் ஓடியாந்தாக. பாத்தா நானு.”

எட்டு வருஷம் வாசித்திருக்கிறார். பிறகு ஒருநாள், கச்சேரி முடிந்து திரும்பும்போது திருப்பத்தூர் ரோட்டில் வேன் கவிழ்ந்தது. அவருக்குக் கை ஒடிந்தது. மாண்டலினுக்குக் கழுத்து முறிந்தது, பிக்கப் நசுங்கியது. கழுத்தை ஊர் ஆசாரி ஒருவர் செய்துகொடுத்தார். சுருளைச் சுற்ற முன்வந்தவர் மைக் செட் போட வரும் பாண்டி.

“சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பெடலைச் சுத்திச் சுத்திக் கம்பியை ஏத்துவாக. நான் எண்ணணும். நூறுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்கணும். ரெண்டு தடவை எண்ணிக்கை தப்பிப்போச்சு. அவுகளும் கோவப்படாம, பிரிச்சு முதல்லருந்து சுத்துனாக.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். “நான் வேணும்னுதான் தப்பா எண்ணுனேன்.”

அடுத்த தையில் இருவருக்கும் கல்யாணம். நான் பஸ்ஸில் கட்டிய கதை அங்கேயே இடிந்து விழுந்தது.

“அப்ப இதை வித்தது யாருக்கா?” என்று கேட்டேன்.

“நாந்தான் வித்தேன். கேசட்டு வந்து கச்சேரி கொறைஞ்சு போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரு தொழில் வேணும்ல? அவுக வேணாம்னாக. நாந்தான் பேண்டு வாத்தியக்காரரு ஒருத்தருக்கு வித்து, அந்தா நிக்குதுல்ல, அந்த மோட்டாரை வாங்குனேன். நல்ல மோட்டாரு. பிள்ளைக ரெண்டையும் அதுதான் படிக்க வச்சுச்சு.”

நோட்டீஸைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அண்ணன் பேரைப் பாரு, தேரு மாதிரி போட்டிருக்காக” என்றார். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதைத் திருப்பிக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

பாண்டி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன என்று சொன்னார். மில் வேலைக்கு நடுவிலேயே ஒருநாள் நெஞ்சு வலி.

நான் பிக்கப்பின் மூடியைக் கழற்றினேன். “அக்கா, இது அவுக சுத்துன அதே காயில்தான். ஓரத்துல ஒரு ஒட்டு மட்டும் நான் வச்சேன். உள்ள இருக்கிறது பூரா அப்படியே இருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். பிளாஸ்திரியை ஒரு விரலால் தொட்டார். “ஆஸ்பத்திரில என் கைக்குப் போட்டதுல மிச்சம் இது,” என்றார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

கம்பிக்குக் கீழே கம்பி

ஸ்ரீராம் வந்ததையும் விலை கேட்டதையும் மறைக்காமல் சொன்னேன். இந்தச் சுருளை எடுத்துவிட்டு வேறு மாட்டப்போகிறார் என்பதையும் சொன்னேன்.

“வித்துருங்க,” என்றார் அக்கா உடனே. “நான் வித்தப்ப யாரும் என்னை ஒரு சொல்லு சொல்லல. நான் உங்களைச் சொல்லுவனா?” எழுந்து ஸ்விட்ச் பக்கம் போனார். போகிற போக்கில், “அந்தக் காயில் மட்டும் வேணாம்னு அவரு எறிஞ்சா…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மில் ஓடத் தொடங்கிவிட்டது.

வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சுருளைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிடலாம், மற்றதை ஸ்ரீராமிடம் கொடுக்கலாம், யாருக்கும் குறையில்லை, சிம்லாவும் போகலாம். கணவரிடம் சொன்னேன்.

அவர் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார்.

“கழட்டிக் குடுத்தா அது வெறும் செப்புக் கம்பி. மேல ஒரு கம்பி அதிர்ந்தாத்தான அதுக்குச் சத்தம்? நீ தான எனக்குச் சொல்லிக் குடுத்த?”

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. சிம்லா சிம்லா என்று மனம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஸ்ரீராமைக் கூப்பிட்டு, கொடுப்பதற்கில்லை என்று சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. எட்டுக் கம்பிகள் கொண்ட புதுக் கட்டு ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார். அதற்குக் காசும் வாங்கிக்கொள்ளவில்லை.

அக்காவிடம் மாண்டலினைக் கொடுக்கப் போனோம். வாங்க மறுத்துவிட்டார். “இங்குட்டு எங்க வைக்க? ஒரே மாசத்துல மாவு ஏறிச் செத்துப்போகும். உங்க வீட்டுலயே இருக்கட்டும். மில்லுக்கு லீவு விடுற அன்னைக்கு வாரேன்.”

“என்னைக்கு லீவு?”

“கரண்டு கட்டு அன்னைக்குத்தான்.”

மின்தடை நாள்

பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள் அது. சொன்னபடி அக்கா வந்தார். தலைக்குக் குளித்து, நீலத்தில் ஒரு புடவை கட்டி, பவுடர் பூசியிருந்தார். எட்டுக் கம்பிகளையும் காதை வைத்துச் சுதி சேர்த்தார். “ம், போடுங்க” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மின்சாரமில்லாத நாளில் மின்சார மாண்டலினுக்கு ஆள் வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரும் கிடையாது.

அக்கா சிரித்த சிரிப்பில், கம்பி மீட்டும் பிளெக்ட்ரம் கையிலிருந்து விழுந்தது.

ஆனால் நானும் சும்மா முப்பது வருஷம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வரவில்லை. அலமாரியில் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்று கிடந்தது. ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றித் தரச்சொன்னேன். “சாயங்காலம் வண்டியை நீதான் தள்ளணும்,” என்றபடி கழற்றிக் கொடுத்தார் கணவர். ரேடியோவின் ஸ்பீக்கரை இணைத்தேன். சிறு உறுமல் கேட்டது.

முதல் பாட்டில் விரல்கள் இடறின. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவதிலும் பாதியில் நிறுத்தினார். விரல் நுனியைப் பார்த்து, “மெத்துனு ஆயிப்போச்சு” என்றார். மூன்றாவதாக ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்தார். அது நிற்கவில்லை. ஒன்று முடிய இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. பல்லவி திரும்பும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, இடது பக்கம் தலையைச் சாய்ப்பார். மேடையின் ஓரத்திலிருந்து மைக் செட்டுக்காரரைப் பார்க்கும் சாய்வு அது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அன்றைக்குத் தெருவில் மின்விசிறி இல்லை, மிக்ஸி இல்லை, டிவி இல்லை. மாண்டலின் சத்தம் கடைசி வீடுவரை போயிருக்கும் போல. எதிர் வீட்டுப் பெண் கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். “உங்க வீட்டுல மட்டும் எப்படி கரண்டு வந்துச்சு?” என்று கேட்டவள், அக்காவைப் பார்த்ததும், “மில்லுக்கார அம்மா!” என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மணிக்கெல்லாம், எதிர்பார்த்ததற்கு முன்பே, மேலே மின்விசிறி சுழலத் தொடங்கியது. அக்கா அண்ணாந்து அதைப் பார்த்தார். பாட்டை முடித்துவிட்டு, மாண்டலினைத் துடைத்துப் போர்வையில் சுற்றி வைத்தார்.

“இம்புட்டுச் சீக்கிரமா விட்டுட்டாங்களே,” என்றார், குறைப்பட்டுக்கொள்வது போல. மின்சாரத்தை நம்பி இத்தனை வருஷம் மில் ஓட்டிய மனுஷி.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார்.

“அடுத்த கட்டு என்னைக்குன்னு பேப்பர்ல போட்டா, ஒரு போன் பண்ணிச் சொல்லும்மா.”